மருதாணிக்குப் பத்து

கையைக் காட்டு தங்கச்சி. உள்ளங்கை இல்லை, திருப்பு, நகம் தெரிகிற மாதிரி. அட, விரல் நுனிக்கெல்லாம் மருதாணித் தொப்பி போட்ட கை! கோன் இல்லையே? இலை அரைத்ததுதானே? பார்த்ததும் தெரிந்துவிட்டது. கோன் மேலோடு நிற்கும், இலை உள்ளே இறங்கும். கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு வருகிறாயா? நல்லது. என்ன சிவப்பு பார்! நாளைக்கு இன்னும் கறுக்கும்.

பயப்படாதே, நான் கை பார்த்து ஜோசியம் சொல்கிறவள் இல்லை. நிலக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். பூக்கடையில் மல்லிகை எடை போடுகிற வேலை. பெயர் நாகஜோதி. மடியில் கால் நீட்டித் தூங்குகிறாளே, இவள் சஷ்மிதா. இந்த மாசத்தோடு நாலு வயசு முடிகிறது. திருப்பூரில் இவள் அப்பா இருக்கிறார். மூன்று மாசத்துக்கு ஒரு தடவை கொண்டுபோய்க் காட்டிவிட்டு, கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன்.

இல்லை, அவர் என் வீட்டுக்காரர் இல்லை. என் நாத்தனார் வீட்டுக்காரர். முழிக்காதே, சொல்கிறேன். முறைக்கு இவளுக்கு நான் அத்தை. கூப்பிடுவது அம்மா என்று. என் வயிற்றில் பிறந்தவன் ஊரில் இருக்கிறான், நிதின், ஒன்பது வயசு. அவன் என்னை "ஏய்" என்பான். அதைப் பார்த்தால் இவளே தேவலை.

நீயும் திருப்பூர்தானே? அப்படியானால் நேரம் இருக்கிறது. தண்ணீர் வேண்டுமா? நான் பேசிக்கொண்டே வந்தால் உனக்குத் தொந்தரவு இல்லையே? எங்கள் கடையில் சொல்வார்கள், நாகு வராத அன்றைக்கு மூட்டை எல்லாம் கனக்கிறது என்று. அவ்வளவு சிரிப்புக் காட்டுவேன்.

அந்தக் கையை மூடிக்கொள்ளாதே. இருக்கட்டும். பார்க்க நன்றாக இருக்கிறது.

என் நாத்தனார் பெயர் அங்காளேஸ்வரி. அங்கா என்போம். என்னைவிட மூன்று வயசு சின்னவள். நாத்தனார் என்றால் முறைத்துக்கொண்டு நிற்பாள் என்று நினைத்துத்தான் கல்யாணமாகி வந்தேன். வந்த மறுநாள் காலையில் அவள் கையில் ஒரு கிளை மருதாணியை ஒடித்துக்கொண்டு வந்து நின்றாள். "மதினி, உங்களுக்கு அரைக்கத் தெரியுமா? எங்கம்மா அரைச்சா பச்சைத் தண்ணியா இருக்கு" என்றாள். அவ்வளவுதான், ஒட்டிக்கொண்டோம்.

நான் அரைத்தால் பிடிக்கும். கொட்டைப்பாக்கு ஒன்று, புளி கொஞ்சம், கிராம்பு இரண்டு. மற்றதெல்லாம் கைவாகு.

கொரோனா இரண்டாவது தடவை வந்ததே, அந்தச் சித்திரையில்தான் அங்காவுக்கு ஏழாம் மாசம். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் வீட்டுக்காரர் ஜெயவீரன் அண்ணன் திருப்பூர் பனியன் கம்பெனியில் மாட்டிக்கொண்டார், பஸ் இல்லை. வளைகாப்பு வேண்டாம் என்று என் மாமியார் சொன்னார்கள். "ஊரே செத்துக்கிட்டுக் கிடக்கு, இப்ப எதுக்குடி வளையல்?" என்றார்கள். நான்தான் விடவில்லை. தலைப்பிள்ளைக்காரி கையில் வளையல் இல்லாமல் எப்படி? ஒன்பது பேரைக் கூப்பிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் இல்லாமல், ரகசியமாக. ஒருத்தி மட்டும் லேசாக இருமினாள். தூசி என்றாள். எங்கள் தெருவில் தூசிக்கு என்ன குறைச்சல்?

அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. எங்கிருந்து வந்தது என்று யார் கண்டது?

முந்தின நாள் சாயங்காலம் நான் மருதாணி வைத்தேன். பத்து விரலுக்கும் தொப்பி, உள்ளங்கையில் ஒரு நிலா. பத்து விரலையும் விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், நான்தான் சோறு ஊட்டினேன். காலையில் கழுவினால் சிவப்பே இல்லை, கறுப்பு. அப்படிப் பிடித்திருந்தது. மாமியார் பார்த்துவிட்டு, "பித்தம் ஜாஸ்தி இவளுக்கு" என்றார்கள். வைத்துவிட்ட என் வலது கையிலும் மூன்று விரல் நுனி அப்படியே சிவந்துவிட்டது. இடது கை சுத்தமாக இருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள். வலது கை சிவப்பு, இடது கை சுத்தம்.

ஆறாம் நாள், நான் கொடுத்த மல்லிகைச் சரத்தை மூக்கில் வைத்து இழுத்தாள். "மதினி, என்ன பூ இது? காகிதப் பூவா? வாசமே இல்ல" என்றாள். நான் வாங்கி மோந்து பார்த்தேன். எனக்கும் இல்லை. பூக்கடைக்காரி நான்! நாள் முழுக்க மல்லிகைக்குள் நிற்கிறவள். இரண்டு பேரும் சிரித்தோம். பூக்காரனை ஏமாற்றுக்காரன் என்று திட்டினோம். அப்புறம் காப்பித்தூளை மோந்தோம், வெங்காயத்தை மோந்தோம், கடைசியில் நிதின் சட்டையை மோந்தோம். அதில்கூட ஒன்றும் வரவில்லை என்றதும்தான் சிரிப்பு நின்றது.

மறுநாள் இரண்டு பேருக்கும் காய்ச்சல். மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்கள். இரண்டு பேருக்கும் இருக்கிறது என்று வந்தது. மாமியாருக்கும் நிதினுக்கும் என் வீட்டுக்காரருக்கும் இல்லை, அவர்கள் பக்கத்துத் தோட்டத்து வீட்டுக்குப் போனார்கள். நானும் அங்காவும் மட்டும் வீட்டில்.

கர்ப்பிணி என்றால் ஆஸ்பத்திரியில் சேர்க்கணும். ஊர் சிஸ்டர் வாசலில் நின்று அதைத்தான் சொன்னார்கள். அங்கா என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். ஏனென்றால் அதற்கு முந்தின வாரம், மேலத்தெரு வாத்தியார் தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு நடந்துபோய் ஆம்புலன்ஸில் ஏறினார். நாலாம் நாள் கட்டிய மூட்டையாக வந்தார். முகத்தைக்கூடத் திறந்து காட்டவில்லை. யாரோ போனில் எடுத்து அனுப்பியிருந்தார்கள், அங்கா அதைப் பார்த்துவிட்டாள். "என்னை மட்டும் அனுப்பிராதீங்க மதினி. நடந்து போறவங்கதான் திரும்பி வர மாட்டேங்கிறாங்க" என்றாள்.

சிஸ்டர் யோசித்தார்கள். அங்கே படுக்கையும் இல்லை, வராந்தாவில் போட்டிருக்கிறார்கள் என்று அவர்களுக்கும் தெரியும். கடைசியில் விரலில் மாட்டுகிற கிளிப் ஒன்றைக் கொடுத்தார்கள். "மூணு வேளையும் மாட்டிப் பாரு நாகு. தொண்ணூத்தஞ்சுக்குக் கீழ வந்துச்சுன்னா ஒரு நிமிஷம் யோசிக்காத, உடனே போன் போடு. வயித்துல பிள்ளை இருக்கு, அதுக்கும் சேத்துத்தான் அவ மூச்சு விடுறா" என்றார்கள். படியிறங்கப் போனவர்கள் திரும்பி இன்னொன்றும் சொன்னார்கள். "நகப் பாலிஷ் இருந்தா அழிச்சிட்டு மாட்டு, தப்பாக் காட்டும்."

இந்தக் கடைசி வார்த்தைதான். சிஸ்டர் மேல்தான் எனக்கு வருத்தம். பாலிஷ் என்று சொன்னவர்கள் மருதாணியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? வளைகாப்பு முடிந்த பெண் கையில் என்ன இருக்கும் என்று தெரியாதா? சொல்லாமல் போனால் நாமாகத்தானே கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

முதல் நாள் அங்கா விரலில் மாட்டினேன். தொண்ணூற்று நாலு. என் இடது கை விரலில் மாட்டினேன். தொண்ணூற்றெட்டு. எனக்கும் அதே காய்ச்சல், அதே கஞ்சி, அதே வீடு. வித்தியாசம் எங்கே? அவள் விரலைப் பார்த்தேன். கறுப்பு. பாலிஷை அழிக்கலாம், மருதாணியை எப்படி அழிப்பது?

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு தங்கச்சி. விடியக்காலம் பறித்த பூவை ஈரச் சாக்கில் கொண்டு வருவார்கள். சில பேர் தண்ணீர் தெளித்தும் கொண்டு வருவார்கள். தராசு என்ன காட்டுகிறதோ அதை அப்படியே எழுத மாட்டோம். சாக்கைத் தொட்டுப் பார்ப்பேன். இந்த ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பேன். என் கை சொன்னால் சொன்னதுதான், யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். ஏழு வருசமாக இதுதான் என் வேலை. காட்டுகிறதை அப்படியே எழுதுகிறவள் எடைக்காரியே இல்லை.

அதனால் மருதாணிக்கு நாலு என்று வைத்தேன். தொண்ணூற்று நாலும் நாலும் தொண்ணூற்றெட்டு. சுவரில் தொங்கிய மாசக் காலண்டரில் அந்தக் கட்டத்தில் எழுதினேன்.

காலையில் பத்து மணிக்கு, வீட்டில் இருக்கிற நோயாளிகளை விசாரிக்க, சுகாதார ஆபீஸிலிருந்து ஒரு பெண் போன் பண்ணும். யார் என்றே தெரியாது, சின்னக் குரல், பாவம் நூறு பேருக்குப் பேசி அலுத்திருக்கும். "அக்கா, ஆக்சிஜன் எவ்வளவுக்கா?" "தொண்ணூத்தெட்டும்மா." "மூச்சு வாங்குதா?" "இல்லம்மா." "சாப்பிடுறாங்களா?" "மாம்பழம் சாப்பிடுறா, கொட்டையக்கூட விட மாட்டேங்கிறா." அந்தப் பெண் சிரிக்கும்.

பொய் இல்லை. அவளுக்கு மூச்சு வாங்கவே இல்லை. அதுதான் அந்த நோயின் சூது. நெஞ்சு அடைத்தால், இளைத்தால், நாம் ஓட மாட்டோமா? அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஜெயவீரன் அண்ணனோடு வீடியோவில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். பெண்ணாகப் பிறந்தால் என்ன பெயர் என்று சண்டை.

மூன்றாம் நாள் தொண்ணூற்றிரண்டு வந்தது. மருதாணி நாளாக நாளாகக் கறுக்கும் இல்லையா? கறுத்தால் கழிவும் கூடணும். ஆறு கூட்டினேன். அதற்கு மறுநாள் தொண்ணூறு. எட்டு கூட்டினேன். ஆறாம் நாள் எண்பத்தெட்டு. அங்கா விரலைத் திருப்பி அவளே பார்த்துவிட்டாள்.

"என்ன மதினி, எண்பத்தெட்டுன்னு வருது?"

"அது உன் கையில இருக்கிற என் மருதாணி. இரு, பத்து கூட்டு. எவ்வளவு?"

"தொண்ணூத்தெட்டு."

"பாசாயிட்ட போ."

சிரித்தாள். உதடு லேசாகக் கறுத்த மாதிரி இருந்தது. "என்னடி, அண்ணன் கூப்பிடுறாருன்னு லிப்ஸ்டிக்கா?" என்று கேட்டேன். அதற்கும் சிரித்தாள்.

போனை எடுத்திருக்கலாம்தான். ஆனால் வண்டி வந்து நின்றால் விசாரிப்பார்கள், யார் யார் வந்தீர்கள், எதற்கு வந்தீர்கள் என்று ஒன்பது பேரையும் இழுப்பார்கள். அவள் வேறு அனுப்பாதே அனுப்பாதே என்கிறாள். நான் அவளுக்காகத்தான் எடுக்கவில்லை. அவளுக்காகத்தான்.

ஜன்னலைக் கொஞ்சம் சாத்து, பிள்ளை முகத்தில் வெயில் அடிக்கிறது. ஆங், போதும்.

ஏழாம் நாள் மத்தியானம். குளிக்கிற அறைக்குப் போய்விட்டு வந்தவள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மதினி" என்றாள். அதற்கு மேல் வரவில்லை. உட்கார வைத்தேன். ஒரே மூச்சில் இருபது வரை எண்ணச் சொல்லிப் பார்க்கணும் என்று அந்தப் போன் பெண் சொல்லியிருந்தது. எண்ணச் சொன்னேன். ஆறு வரைக்கும் வந்தாள். நகம் நீலமாக இருக்கிறதா என்று பார்க்கணுமாம். நகம் எங்கே தெரிந்தது? பத்து விரலிலும் நான் வைத்த தொப்பி.

கிளிப்பை மாட்டினேன். எழுபத்தாறு. பத்து கூட்டினேன். எண்பத்தாறு. அதற்கு மேல் என்னால் கூட்ட முடியவில்லை தங்கச்சி. எதற்கென்று கூட்டுவது?

ஆம்புலன்ஸ் வந்தது. அங்கா படுத்தபடியே என்னிடம் கேட்டாள், "நான் நடந்து ஏறலையே மதினி?" என்று. "இல்லடி, தூக்கிட்டுத்தான் போறோம்" என்றேன். அதில் அவளுக்கு ஒரு ஆறுதல்.

பெரியாஸ்பத்திரி வாசலில் வண்டிகள் வரிசையாக நின்றன. எங்களுக்கு முன்னால் ஏழு. உறை மாட்டிய ஒரு நர்ஸ் வண்டி வண்டியாக ஏறிப் பார்த்துக்கொண்டு வந்தார். கேரளா பக்கம் போல, தமிழ் கொஞ்சம் இழுக்கும். அங்கா விரலில் மாட்டினார். எழுபத்தி நாலு. உடனே மாஸ்க் வைத்தார்கள். "நீங்க யாரு, உங்களுக்கும் பாசிட்டிவா? கை தாங்க" என்று என் கையை இழுத்தார். இடது கையில் பையைப் பிடித்திருந்தேன். வலது கையை நீட்டினேன். சிவந்த விரலில் கிளிப்பை மாட்டினார்.

"சிஸ்டர், அதுல மருதாணி இருக்கு. தப்பாக் காட்டும்" என்றேன்.

"இலை மருதாணிதானே? அது ஒண்ணும் பண்ணாது. பாருங்க, தொண்ணூத்தி ஏழு. நீங்க நல்லா இருக்கீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

நீங்க நல்லா இருக்கீங்க.

ஏழு நாளும் என் வலது கை என்னிடமேதான் இருந்தது. சோறு பிசைந்தேன், அவளுக்குத் தலை வாரினேன், காலண்டரில் எழுதினேன். எழுதுகிற கை என்பதால் அதில் கிளிப்பை மாட்டிப் பார்க்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். வேறொன்றும் இல்லை.

எனக்கும் நோய் இருந்ததால் கூடவே இருக்க விட்டார்கள். வார்டில் எல்லோரையும் குப்புறப் படுக்க வைத்திருந்தார்கள், குப்புறப் படுத்தால் நுரையீரல் விரிந்து மூச்சு இறங்குமாம். அங்கா எப்படிக் குப்புறப் படுப்பாள், வயிற்றோடு? இடது பக்கமாகச் சாய்த்துத் தலையணை வைத்தேன். ரத்தம் கட்டியாகாமல் இருக்க வயிற்றுத் தோலில் ஊசி. நெஞ்சு வீக்கம் வடிய ஸ்டீராய்டு. அந்த ஊசியில் சர்க்கரை ஏறியது, அதற்கு இன்னொரு ஊசி. ஸ்கேன் படத்தை டாக்டரம்மா வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்கள். என் வயசுதான் இருக்கும் அவர்களுக்கு, மாஸ்க் தழும்பு கன்னத்தில் புண்ணாகியிருந்தது. கறுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் பஞ்சு பஞ்சாக வெள்ளை. "இப்ப கிருமியோட வேலை பாதி முடிஞ்சிருச்சும்மா. உடம்பு அதை அடிக்கிறேன்னு தன் நுரையீரலையே அடிச்சுக்குது" என்றார்கள். "வீட்ல ஆக்சிஜன் பாத்தீங்களா?"

பார்த்தோம் என்று போனில் காலண்டர் படத்தைக் காட்டினேன். அந்தப் போன் பெண்ணுக்கு அனுப்ப எடுத்த படம். தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றெட்டு. வரிசையாக, என் கையெழுத்தில், அழகாக. டாக்டரம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார்கள். "திடீர்னு இறங்கியிருக்கு. சில பேருக்கு அப்படித்தான் ஆகுது. உங்க மேல தப்பில்லை" என்றார்கள்.

நான் தலையை ஆட்டினேன்.

அன்றைக்குச் சொல்லியிருந்தால் வைத்தியம் மாறியிருக்குமா? மாறியிருக்காது. அதையும் யோசித்துத்தான் தலையை ஆட்டினேன்.

ஆஸ்பத்திரிக்கு வந்த மூன்றாம் நாள், குழாய் போடப் போகிறோம், அதற்கு முன்னால் பிள்ளையை எடுத்துவிடுவோம் என்றார்கள். காற்றை இறுக்கி அடிக்கிற பெரிய மாஸ்க் அவள் முகத்தில். அதை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு கேட்டாள்.

"மதினி, இப்ப எவ்வளவு?"

தலைக்கு மேலே பெட்டியில் எண்பத்து மூன்று என்று மினுங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

"தொண்ணூத்தாறு" என்றேன்.

என்னையே பார்த்தாள். "கூட்டியா, கூட்டாமலா?"

நான் பதில் சொல்வதற்குள் மாஸ்க்கைத் திரும்ப அழுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் பேசவே இல்லை. இதோ இந்தப் பிள்ளையை எடுத்தார்கள். ஒன்றே கால் கிலோ. தூரத்தில் கண்ணாடிப் பெட்டியில் பார்த்ததுமே என் கை சொல்லிவிட்டது, அவர்கள் எடை போட்டு எழுதியதும் அதுதான். ஒன்பதாம் நாள் அங்கா போய்விட்டாள். கட்டும்போது கை மட்டும் கொஞ்ச நேரம் வெளியே இருந்தது. பத்து விரலும் அப்படியே இருந்தது, வைத்த அன்றைக்கு இருந்த மாதிரி.

அழாதே தங்கச்சி. நானே அழவில்லை பார். நான் அழுகிற ஆள் இல்லை. வீட்டில் யார் சிரிப்பது, நான் அழுதால்?

என் மாமியார் இன்றைக்கும் வருகிறவர்கள் போகிறவர்களிடம் எல்லாம் சொல்வார்கள். "என் மருமக மூணு வேளையும் பாத்து எழுதி வச்சா. பெத்தவ நான்கூட அப்படிப் பாத்திருக்க மாட்டேன்." அந்தக் காலண்டர் தாளை மடித்து அங்கா படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். சாமி கும்பிடும்போது சட்டத்தைத் துடைத்தால் அது உள்ளே சரசரக்கும். நான் துடைக்க மாட்டேன், நிதினைத் துடைக்கச் சொல்வேன்.

என் விரல் நகத்தில் இருந்த சிவப்பு மேலே மேலே ஏறியது. ஆவணியில் பாதி நகம். ஐப்பசியில் ஒரு கோடு. தீபாவளிக்கு முந்தின நாள் கடைசி நுனியை வெட்டினேன். அதற்குப் பிறகு மருதாணி அரைக்கவில்லை. இவள் ஒவ்வொரு விசேஷத்துக்கும் கேட்பாள், கை அரிக்கும் என்று சொல்லிவிடுவேன்.

வாசமா? வந்தது, தப்பாக வந்தது. மல்லிகையை மோந்தால் வயர் கருகுகிற வாடை. எடை மேடையில் நாற்பது கிலோ பூவுக்கு நடுவில் நிற்கிறேன், சுற்றிலும் கருகுகிறது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேறு ஆள் வைத்துவிடுவார்கள். எடை கையில்தானே இருக்கிறது, மூக்கு எதற்கு?

ஆனால் ஒன்று சொல்கிறேன், கேலி பண்ணாதே. சில நாள் காலையில் தராசைப் பார்த்து எண்ணைச் சொல்ல வாயைத் திறப்பேன். காதுக்குப் பக்கத்தில் கேட்கும். கூட்டியா, கூட்டாமலா? பயமாக எல்லாம் இருக்காது. அவள் குரல்தானே. மாம்பழம் சாப்பிட்டுக்கொண்டே கேட்கிற மாதிரி இருக்கும். நான் மட்டும் எண்ணை மறந்துவிடுவேன், திரும்பப் பார்ப்பேன்.

கிளிப்பைத் திருப்பி வாங்க யாரும் வரவில்லை. இதோ, பையில்தான் இருக்கிறது. இவளை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து தினம் காலையில் மாட்டுவேன். முதலில் கால் கட்டை விரலில், இப்போது கையில். மாட்டிவிட்டு, "கூட்டாம தொண்ணூத்தெட்டு" என்று வாய்விட்டுச் சொல்வேன். எனக்கு நானே சொல்லிக்கொள்வது. பிள்ளை பிடித்துக்கொண்டாள். இப்போது அவளே கிளிப்பை எடுத்து வீட்டில் எல்லோர் விரலிலும் மாட்டுவாள், ஆட்டுக்குட்டி காதில்கூட மாட்டினாள். எண் தெரியாது, ஆனாலும் "கூட்டாம தொண்ணூத்தெட்டு" என்று ராகம் போட்டுச் சொல்வாள்.

போன தடவை திருப்பூரில் அவள் அப்பா விரலில் மாட்டினாள். சொன்னாள். அண்ணன் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "அதென்ன நாகு, கூட்டாம?"

"சும்மா ஏதோ விளையாட்டுண்ணே" என்றேன். நன்றாகத்தான் சிரித்தேன். ஆனால் பஸ் ஏற்றிவிட வரும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் கேட்டார். "எதுக்கு எதைக் கூட்டுவ?" பஸ் எடுத்துவிட்டது.

அவர் வேறு கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. பண்ணுங்கள் என்றால் தலையைக் குனிந்துகொள்வார். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது, பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று போன வாரம் போனில் கேட்டார். அவரே பதிலும் சொன்னார். "உங்கிட்டயே இருக்கட்டும் நாகு. அங்காவை நீ பாத்துக்கிட்ட மாதிரி இவளையும் நீதான் பாப்ப. வா, பாதுகாவலர்னு உன் பேரைப் போட்டு எழுதிக் குடுத்துடுறேன்."

அதற்குத்தான் இன்றைக்குப் போகிறேன். கையெழுத்துக்கு.

கையெழுத்துப் போடும்போது கேட்பார். எனக்குத் தெரியும், மறக்கிற ஆள் இல்லை. சொன்னேன் என்றால், இவளை என்னிடம் விடுவாரா? நீயே சொல். நீயாக இருந்தால் விடுவாயா? சொல்லாமல் விட்டால், இவள் வளர்ந்து ஒரு நாள் கேட்பாள், எண் தெரிந்த பிறகு.

சரி அதை விடு. உன் கையைக் கொடு, ஒரே ஒரு தடவை. அந்தச் சிவந்த விரலைத்தான். வலிக்காது. பார், சிவப்பு வெளிச்சம் உன் மருதாணிக்குள் புகுந்து போகிறது. கொஞ்சம் பொறு, எண் நிற்கட்டும்.

தொண்ணூற்றெட்டு.

நான் எதையும் கூட்டவில்லை. நீயே பார்த்தாய் இல்லையா? நீயே பார்.

அட, முழித்துக்கொண்டாளே! சஷ்மி, செருப்பைப் போடு, ஊர் வந்தாச்சு. அந்த அக்கா கையையே பார்க்காதேடா. ஆமா, அழகாத்தான் இருக்கு. கிளிப்பா? நீயே வச்சுக்கோ, கீழே போட்டுவிடாதே.

அதோ தூண் பக்கத்தில் நீலச் சட்டை, அவர்தான் ஜெயவீரன் அண்ணன். பஸ் நிற்பதற்கு முன்னாடியே கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார் பார். ஒற்றை விரலை மட்டும். பிள்ளை மாட்டுவதற்காக.

கொஞ்சம் காலை நகர்த்திக்கொள் தங்கச்சி. நாங்கள் இறங்கணும்.